ஆனைமுடி: ஏற முடியாத மலையைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மூணாறுக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஆனைமுடியைப் பார்க்கிற எண்ணம் உண்டா என்றுதான். பாதிப் பேருக்கு அப்படி ஒரு மலை இருப்பதே தெரியாது. மீதிப் பேர் உச்சி வரை ஏறிவிட்டு வரலாம் என்று நினைத்திருப்பார்கள். இரு தரப்பும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை.

ஆனைமுடி எங்கே இருக்கிறது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில், இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதன் தெற்குப் பகுதியில் எழுந்து நிற்கும் பாறைமலைதான் ஆனைமுடி. உயரம் 2,695 மீட்டர், அடிக்கணக்கில் 8,842. ஆனைமலை, பழனிமலை, ஏலமலை என்ற மூன்று மலைத்தொடர்களும் வந்து முடிச்சுப் போடுகிற இடம் இது. பூங்காவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் வால்பாறைப் பக்கத்துப் புல்மலைகள், அதாவது நம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். விலங்குகளுக்கு இந்த மாநில எல்லை தெரியாது, அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் போய்வருகின்றன.

பெயரில் இருக்கும் 'முடி' எந்த முடி?

தலைமயிர் இல்லை! மலையாளத்திலும் பழைய தமிழிலும் முடி என்றால் உச்சி, மகுடம். தொலைவில் இருந்து பார்த்தால் யானையின் நெற்றியும் மத்தகமும் போல உருண்டு சரியும் பாறை, அதனால் ஆனைமுடி. பக்கத்திலேயே பெட்டிமுடி என்று இன்னொரு மலை உண்டு. இந்தப் பகுதியில் 'முடி' என்று முடியும் பெயர் வந்தால் தலையை அண்ணாந்து பாருங்கள், மேலே ஓர் உச்சி இருக்கும்.

தென்னிந்தியாவின் உயரமான சிகரம் தொட்டபெட்டா இல்லையா?

இல்லை. ஊட்டிக்குச் சுற்றுலா போய் தொட்டபெட்டாவில் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வந்த எல்லோருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனைமுடி அதைவிட 58 மீட்டர் அதிகம். இரண்டாவது இடம்கூட தொட்டபெட்டாவுக்கு இல்லை. மூணாறுக்குப் பக்கத்து மீசைப்புலிமலை 2,640 மீட்டர், மூன்றே மீட்டரில் முந்திவிடுகிறது. தமிழ்நாட்டின் உயரமான சிகரம் எது என்று கேட்டால் தொட்டபெட்டா என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனைமுடியின் பெருமை தென்னிந்தியாவோடு நிற்பதில்லை. இமயமலையையும் வடகிழக்கு மாநிலங்களின் மலைகளையும் ஒதுக்கிவிட்டால் இந்தியாவில் இதைவிட உயரமான இடம் இல்லை. ஆரவல்லியின் குரு சிகரம் 1,722 மீட்டர்தான். இலங்கையின் உயரமான மலையான பிதுருதாலகாலை 2,524 மீட்டர். இங்கிருந்து புறப்பட்டு இதைவிட உயரமான ஓர் இடத்தைத் தேடிப் போனால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே நீளச் சுவர் என்று நினைக்கிறோம். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் அதை வெட்டிப் பிரிக்கிறது. கணவாய்க்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தொட்டபெட்டாவும் ஆனைமுடியும் ஒன்றுக்கொன்று எதிரே நிற்கும் இரண்டு தனி மலைக்கூட்டங்களின் தலைகள்.

உச்சி வரை ஏற அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. பூங்காவின் மையப் பகுதிக்குள் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. ஆய்வு, கணக்கெடுப்பு போன்ற வேலைகளுக்கு வனத்துறை சிறப்பு அனுமதி தந்தால்தான் உண்டு. தெரிந்தவர் மூலம் ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், அபராதத்தோடு முடியாமலும் போகலாம்.

ஏறியே தீர வேண்டும் என்று கால் துடித்தால் மீசைப்புலிமலை இருக்கிறது. கேரள வன வளர்ச்சிக் கழகம் அங்கே முறையாக மலையேற்றம் நடத்துகிறது. ஆனைமுடியைவிட 55 மீட்டர்தான் குறைவு. மேகத்துக்கு மேலே நிற்கிற அனுபவம் இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் ஏறியவர் யார்?

எழுத்தில் பதிவாகியிருப்பது 1862-இல் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் ஏறியது. ஆனைமலை, பழனிமலைப் பகுதிகளைச் சுற்றிக் கோட்டோவியங்களும் வரைந்தவர் அவர். ஆனால் இந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்த முதுவர் பழங்குடிகள் அவருக்கு முன் ஒரு முறைகூடவா மேலே போயிருக்க மாட்டார்கள்? அவர்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏற முடியாது என்றால் போய் என்னதான் பார்ப்பது?

ராஜமலை. பூங்காவில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் ஒரே பகுதி அதுதான். வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டால் வனத்துறை வண்டியில் தேயிலைத் தோட்டங்கள் வழியாக மேலே கூட்டிப்போவார்கள். இறங்கியதும் வளைந்து வளைந்து ஏறும் தார்ச்சாலையில் நடை. நீங்கள் நடப்பது ஆனைமுடியின் காலடியில். தலைக்கு மேலே கறுப்பாகச் சரிகிற பாறை, மழைக்குப் பிறகு போனால் அதில் வெள்ளிக்கம்பி போல நீர் இறங்கும். நான் முதல் தடவை போனபோது இந்தப் பாறையைப் பின்னால் வைத்துக்கொண்டே, ஆனைமுடி எந்தப் பக்கம் என்று ஒரு காவலரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் கை காட்டினார்.

அப்புறம் வரையாடு. பெரும்பாலோர் வருவதே அதற்காகத்தான்.

வரையாடு மனிதரைக் கண்டு ஓடாதா?

ராஜமலையில் ஓடாது. சாலையோரத் தடுப்புச் சுவர் மேலேயே நின்று மென்றுகொண்டிருக்கும். வேறு மலைகளில் இதே விலங்கு உங்களை அரைக் கிலோமீட்டருக்கு முன்பே பார்த்துவிட்டுப் பாறை விளிம்பில் மறைந்துவிடும். இங்கே பல தலைமுறைகளாக யாரும் துப்பாக்கி தூக்கவில்லை, தினமும் ஆட்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அதற்காக வாழைப்பழம் நீட்டக் கூடாது, தொட்டுப் படம் எடுக்கவும் கூடாது. மனிதர் கைத்தீனிக்குப் பழகிய காட்டு விலங்கு என்ன ஆகும் என்பதற்கு ஊட்டி, கொடைக்கானல் குரங்குகளே சாட்சி.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுதான். வரை என்றால் மலை, வரையாடு மலையாடு. சங்க நூல்களில் வருடை என்று வருவதும் இதையே குறிக்கிறது என்பார்கள். பெயரில் ஆடு இருந்தாலும், மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது இது செம்மறியாட்டுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. முன்பு இமயமலைத் தார், அரேபியத் தார் என்ற காட்டாடுகளோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் அந்த ஒப்பீட்டுக்குப் பிறகு நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் ஆக்கிவிட்டார்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மட்டும் வாழ்கிற விலங்கு. 2025-இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தம் 2,668. அதில் கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. இரவிகுளத்தில் மட்டும் 841. வேறெங்கும் ஒரே இடத்தில் இத்தனை இல்லை.

கூட்டத்தில் உடல் கறுத்து, முதுகில் மட்டும் வெளிர்ச்சாம்பல் நிறத்தில் சேணம் வைத்தது போல ஒன்று நின்றால் அது வயதான கிடா. பெரும்பாலும் தள்ளியே நிற்கும்.

எந்த மாதங்களில் பூங்காவை மூடுவார்கள்?

வரையாடு குட்டி போடும் காலத்தில். வழக்கமாக பிப்ரவரி, மார்ச். குட்டிகள் எப்போது பிறக்கத் தொடங்குகின்றன என்பதைப் பார்த்துத்தான் வனத்துறை தேதியை அறிவிக்கும், ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் முன்பின் ஆகும். அறை பதிவு செய்வதற்கு முன் பூங்கா திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அறையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து வாக்குவாதம் செய்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாவம் அந்தச் சீட்டுக் கொடுப்பவர்.

குறிஞ்சி இனி எப்போது பூக்கும்?

இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. பன்னிரண்டு ஆண்டுகள் புதராகவே இருந்து, ஒரே நேரத்தில் பூத்து, விதை உதிர்த்து, செத்துப்போகும் செடி. அந்த விதைகளில் இருந்து வருவது அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கான தலைமுறை. எல்லாம் ஒன்றாகப் பூத்தால் விதை தின்னும் பூச்சிகளும் பறவைகளும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை விழும், அதுதான் இதன் உத்தி என்று ஒரு விளக்கம் உண்டு.

ஆனால் செய்தித்தாளைப் பார்த்தால் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு மலையில் 'பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு குறிஞ்சி' என்று படம் வருகிறதே என்று கேட்பார்கள். அது பொய் இல்லை. குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழற்சி. நீலக்குறிஞ்சியிலேயே சில மலைகளின் கூட்டம் வேறு ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. அதனால் 2030 என்பது இரவிகுளத்துக் கணக்கு, எல்லா மலைக்கும் பொருந்தாது.

2018-இல் போனவர்களுக்கு மனசு ஆறவே ஆறாது. பூ வரவேண்டிய ஆகஸ்டில்தான் கேரளப் பெருவெள்ளம். மூணாறில் இருந்து பூங்காவுக்குப் போகும் வழியில் பெரியவரைப் பாலம் உடைந்தது. மழை நின்று பாதை சரியாகி ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது, எதிர்பார்த்த அளவுக்குப் பூ இல்லை. 2030-க்குத் திட்டம் போடுகிறவர்கள் செப்டம்பரைக் குறித்து வைக்கலாம், ஆனால் பென்சிலால் குறியுங்கள்.

மலையெல்லாம் புல், பள்ளத்தில் மட்டும் காடு. மரங்களை வெட்டிவிட்டார்களா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வெள்ளைக்காரர்களும் அப்படி நினைத்துத்தான் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் நட்டுக் கெடுத்தார்கள். உண்மையில் இது இயற்கையான அமைப்பு. குளிர்கால இரவுகளில் திறந்த சரிவுகளில் உறைபனி விழும், அதில் மரக்கன்று பிழைக்காது, புல் பிழைக்கும். மடிப்பும் பள்ளமுமான இடங்களில் காற்று அடங்கி, ஈரம் தங்கி, மரங்கள் ஒன்றுக்கொன்று குடை பிடித்து நிற்கும். நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவங்களை ஆராய்ந்தபோது இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததற்குத் தடயம் கிடைத்தது. புல்வெளி காட்டின் மிச்சம் இல்லை, அதுவே ஒரு தனி வாழிடம். வரையாட்டுக்குச் சோறு போடுவது அதுதான்.

பள்ளத்தில் இருக்கும் அந்தக் காட்டுக்கு நம் சொல் சோலை. உலகமெங்கும் தாவரவியல்காரர்கள் இந்த வகைக் காட்டை 'ஷோலா' என்றுதான் எழுதுகிறார்கள். நம் ஊர்ச் சொல் அறிவியலுக்குள் போய்க் கொஞ்சம் உச்சரிப்பு மாறியிருக்கிறது.

உச்சியில் மட்டும் வாழும் தவளை ஒன்று உண்டாமே?

உண்டு. தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் அவர் குழுவினரும் 2010-இல் அறிவித்த இனம், ராவ்ஒர்கெஸ்டிஸ் ரெஸ்பிளெண்டன்ஸ் என்று பெயர். செம்மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் சுரப்பிப் புடைப்புகள், குட்டைக் கால்கள். மிகச் சிறியது. ஆனைமுடியின் மேற்பகுதியில், மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் மட்டும் இருப்பதாக அப்போது பதிவானது. அங்கே வளரும் குட்டை மூங்கில் புதரின் அடியில் முட்டையிடும். முட்டையில் இருந்து தலைப்பிரட்டை வராது, நேரே தவளைக்குஞ்சுதான் வரும்.

வெப்பம் கூடினால் விலங்குகள் மலையில் மேலே நகரும் என்பார்கள். இந்தத் தவளை ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. இதற்கு மேல் அது எங்கே போகும்? உச்சிக்கு ஏன் ஆட்களை விடுவதில்லை என்று கோபப்படுகிறவர்களிடம் நான் தவளைக் கதையைத்தான் சொல்வது. வரையாட்டுக்கு இரங்காதவர்கள்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

சுற்றிலும் தேயிலைத் தோட்டம், இது மட்டும் எப்படித் தப்பியது?

வேட்டையால் தப்பியது என்றால் நம்புவீர்களா? பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் இருந்து 1877-இல் ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். கண்ணன் தேவன் மலைகள் என்று பெயர். கீழே காடழித்துத் தேயிலை வந்தது. இரவிகுளம் மேட்டுநிலம் மிக உயரத்தில் இருந்ததால் தோட்டத் துரைமார் அதைத் தங்கள் வேட்டைக்கும் தூண்டிலுக்கும் ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள். விலங்கு தீர்ந்துபோனால் வேட்டை ஏது? அதனால் எண்ணி எண்ணிச் சுட்டார்கள், காவலுக்கு முதுவர்களை வைத்தார்கள். 1971-இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. 2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையில் 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் ஒன்று.

முதுவர்களின் குடி ஒன்று இன்றும் பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது, லக்கம்குடி. மதுரையில் இருந்து சாமியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் சொல்லும் கதை.

ஆனைமுடி ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இருந்ததா?

இல்லை. அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரியும்போது, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராட்டம் நடந்தது. 1956-இல் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன, இவை கேரளத்தோடு போயின. 'இருந்தது, பறிகொடுத்தோம்' என்று சொல்லித் திரிகிறவர்கள் முதல் பாதியைத் தப்பாகச் சொல்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கில் பார்த்தால் உறவு இன்னும் இருக்கிறது. பூங்காவின் மேற்குச் சரிவில் விழும் மழை பெரியாற்றை நோக்கிப் போகிறது. கிழக்குப் பக்க ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதி அணைக்கு வந்து, உடுமலை, தாராபுரம் வயல்களைத் தாண்டி, கரூர் பக்கம் காவிரியில் கலக்கின்றன. ஆனைமுடிப் பக்கத்து மேகம் தாராபுரத்து நெல்லில் இருக்கிறது.

ஆனைமுடி சோலை தேசியப் பூங்கா என்று வரைபடத்தில் தனியாகக் காட்டுகிறதே?

அது வேறு. 2003-இல் அறிவித்த சின்னப் பூங்கா, 7.5 சதுர கிலோமீட்டர்தான். பெயரில் ஆனைமுடி இருந்தாலும் சிகரம் அதில் இல்லை. கைப்பேசியில் பெயரைத் தட்டிவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க: 'இரவிகுளம்' அல்லது 'ராஜமலை' என்று தேடுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து எந்த வழி நல்லது?

கோவை, திருப்பூர்ப் பக்கத்தவர்களுக்கு உடுமலைப்பேட்டை வழி. அமராவதி தாண்டி, சின்னாறு சோதனைச்சாவடி, மறையூர், லக்கம் அருவி, அப்புறம் பூங்கா வாசல். மூணாறு ஊருக்குள் போகாமலே வாசல் வந்துவிடும். காப்பகக் காட்டுக்குள் போகும் சாலை என்பதால் இரவில் விடமாட்டார்கள், பகலிலேயே கடந்துவிடுங்கள். மதுரை, தேனிப் பக்கத்தவர்கள் போடியில் இருந்து 17 கொண்டையூசி வளைவு ஏறி, போடிமெட்டு, தேவிகுளம் வழியாக மூணாறு வந்து, அங்கிருந்து வரலாம். அழகு என்று கேட்டால் எனக்கு உடுமலை வழிதான். வறண்ட முட்காட்டில் தொடங்கி, சந்தன மரங்களைத் தாண்டி, இரண்டு மணி நேரத்தில் குளிரில் வந்து நிற்போம்.

மழைக்காலத்தில் போகலாமா?

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மலையைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு, மண்சரிவு ஆபத்து அதிகம். இதை வெறும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மேல் விழுந்தது. 70 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்தில் வேர் உள்ளவர்கள். நீங்கள் மேலே போகும்போது பச்சைப் பசேல் என்று தெரிகிற தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களும் அதே குடும்பங்களின் சொந்தபந்தங்கள்தான்.

செப்டம்பருக்கு மேல் ஜனவரி வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் காலைக் குளிர் கடிக்கும், புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பனிப்பொழிவு என்று படம் போடுகிறார்கள். மேலே இருந்து விழுந்ததில்லை அது, இரவில் புல்லின் மேலேயே உறைந்த ஈரம்.

போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடியிருந்தால்?

திரும்பிவிடாதீர்கள். முடிந்தால் காலை முதல் வண்டியிலேயே ஏறிவிடுங்கள், மதியத்துக்கு மேல்தான் மேகம் அடைக்கும். அப்படியும் மூடியிருந்தால் நடைபாதையின் மேல் முனையில் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். அங்கே மேகம் ஒரே இடத்தில் நிற்காது. கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று கிழிந்து கிழிந்து விலகும். என் மூன்றாவது பயணத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். கூட வந்தவர்கள் இறங்கிப் போய்த் தேநீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாறையின் நெற்றி மட்டும் ஒரு நிமிஷம் தெரிந்தது, விளிம்பில் மூன்று வரையாடுகள் நின்றிருந்தன, மறுபடி மூடிக்கொண்டது.